ஷார்டொனேயின் தாய்க்கொடி

வெள்ளை ஒயின் தரும் திராட்சை ரகங்களில் ஷார்டொனே அளவுக்கு உலகைச் சுற்றி வந்தவை மிகக் குறைவு. பிரான்சின் கிழக்கே பர்கண்டி வட்டாரத்தில் பெயர்பெற்ற இந்தக் கொடி இன்று கலிஃபோர்னியா, சிலி, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று பரவி, சுமார் 2 லட்சம் ஹெக்டேரில் விளைகிறது. ஷாப்லி, மோர்சோ, மோன்ராஷே என்று ஒயின் அறிந்தவர்கள் மரியாதையோடு உச்சரிக்கும் ஊர்ப்பெயர்களும் தோட்டப்பெயர்களும் இந்த ஒரே ரகத்தின் வெவ்வேறு முகங்கள். அதன் வரலாற்றைச் சொல்லும் வழக்கமும் அந்த மரியாதைக்கு ஏற்ப அமைந்துவிட்டது. 1098இல் தொடங்கிய சீத்தோ மடத்தின் துறவிகள் மண்ணை ஆராய்ந்து, சரிவுகளைப் பிரித்து, தோட்டங்களுக்கு மதில் எழுப்பினார்கள். பர்கண்டியின் கோமகன்கள் தாழ்ந்த ரகங்களைத் தடைசெய்து உயர்ந்த ரகங்களைக் காத்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டின் பலன்தான் இந்த ஒயின் என்பது அந்தச் சித்திரம். தோட்டங்களைப் பற்றிய அளவில் அதில் உண்மை உண்டு. ஆனால் ஷார்டொனே என்ற கொடி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அது தலைகீழான விடையைத் தருகிறது. ஆள்வோர் இழிவானது என்று ஒதுக்கி, ஏழைக் குடியானவர்கள் விடாப்பிடியாக வளர்த்த ஒரு கொடியின் பிள்ளைதான் ஷார்டொனே. அந்தத் தாய்க்கொடியின் பெயர் க்வே ப்ளாங். பயிர்களின் வரலாற்றை ஆணை பிறப்பித்தவர்களின் ஏடுகளைக் கொண்டு மட்டும் எழுதினால் எவ்வளவு தவறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஷார்டொனேயின் இயல்பைப் பார்த்துவிட வேண்டும். வாதத்துக்கு அது தேவைப்படும். கொத்து சிறியது, பழமும் சிறியது, தோல் மெல்லியது, முதிரும்போது பச்சை மாறிப் பொன்னிறம் ஏறும். வசந்தத்தில் மற்றக் கொடிகளுக்கு முன்பே துளிர்ப்பதால் பின்பனியில் கருகும் அபாயம் இதற்கு அதிகம்; ஷாப்லியில் ஏப்ரல் இரவுகளில் விவசாயிகள் தோட்டத்துக்குள் தீ மூட்டிக் காவல் இருப்பது இதனால்தான். பழுப்பதும் சீக்கிரம். நன்றாகத் தழைக்கும், பலவகை மண்ணிலும் பிடித்துக்கொள்ளும், விளைச்சலும் கணிசமாகத் தரும். இவ்வளவு பேர்பெற்ற ரகமாக இருந்தும் பழத்துக்கென்று தூக்கலான மணம் கிடையாது. மஸ்கட் திராட்சையை மோந்தாலே அடையாளம் தெரிந்துவிடும். ஷார்டொனே அப்படி அல்ல. அதன் ருசி பெரும்பாலும் மண்ணும் தட்பவெப்பமும் ஒயின் கிடங்கில் நடக்கும் வேலையும் சேர்ந்து உண்டாக்குவது. ஷாப்லியின் குளிர்ந்த சுண்ணாம்பு மண்ணில் கூர்மையான புளிப்பு நிற்கும். பாக்டீரியாவைக் கொண்டு அந்தப் புளிப்பைத் தணித்தால் வெண்ணெய்ச் சாயல் வரும். புதிய ஓக் பீப்பாயில் ஊறவிட்டால் வனிலா மணம் ஏறும். தழைக்கும் வலிமை, எந்த இடத்துக்கும் இசைந்துபோகும் குணம், அடக்கமான மணம் ஆகிய மூன்றும்தான் இந்த ரகத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனவை. 1976 மே 24 அன்று பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் பெயரை மறைத்துச் சுவைத்த போட்டியில் வெள்ளை ஒயின்களில் முதலிடம் பெற்றது பர்கண்டி ஒயின் அல்ல. கலிஃபோர்னியாவின் ஷாத்தோ மோன்தெலேனா தயாரித்த 1973ஆம் ஆண்டு ஷார்டொனே.

இவ்வளவு புகழுக்குப் பிறகும் இதன் பிறப்பு நெடுங்காலம் குழப்பத்திலேயே கிடந்தது. பர்கண்டியின் புகழ்பெற்ற கறுப்புத் திராட்சையான பினோவுக்கு வெள்ளை வடிவம் ஒன்று உண்டு. கறுப்புப் பினோவின் கிளையில் தானாகத் தோன்றிய நிறமாற்றம் அது. அதன் இலையும் ஷார்டொனேயின் இலையும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும். இரண்டும் ஒரே தோட்டத்தில் கலந்தும் நின்றன. அதனால் ஷார்டொனேயும் பினோவின் ஒரு வகை என்றே பலர் நம்பினார்கள். கலிஃபோர்னியாவில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ‘பினோ ஷார்டொனே’ என்ற பெயரில் பாட்டில்கள் விற்றன. சிலுவைப்போர் வீரர்கள் லெபனானிலிருந்து கொண்டுவந்த கொடி என்றொரு கதையும் உலவியது. இரண்டு கதைகளுக்கும் அடியில் ஒரே எண்ணம் ஓடுவதைக் கவனிக்கலாம். உயர்ந்த ஒயின் தரும் கொடிக்கு உயர்ந்த பிறப்பு இருந்தாக வேண்டும். ஒன்று அது பினோவின் குலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புனித பூமியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

இந்த எண்ணத்தை முடித்துவைத்தது 1999இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜான் பவர்ஸ், கரோல் மெரெடித் ஆகியோரும், பிரான்சின் மோன்பெலியேயைச் சேர்ந்த ழான் மிஷேல் பூர்சிகோ முதலானோரும் சேர்ந்து செய்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பவர்ஸும் மெரெடித்தும் கபர்னே சொவின்யோன் என்ற புகழ்பெற்ற கறுப்பு ரகம், கபர்னே ஃப்ரான் என்ற கறுப்பு ரகத்துக்கும் சொவின்யோன் ப்ளாங் என்ற வெள்ளை ரகத்துக்கும் பிறந்தது என்று காட்டியிருந்தார்கள். அதே முறையை இப்போது வடகிழக்கு பிரான்சின் ரகங்கள்மேல் திருப்பினார்கள். முறை எளிதாகப் புரியக்கூடியது. ஒரு கொடியின் மரபணுத் தொகுதியில் குறிப்பிட்ட ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால் அங்கே இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று தாயிடமிருந்து, மற்றொன்று தந்தையிடமிருந்து வந்தது. ஒரு கொடி இன்ன இருவரின் பிள்ளை என்றால், பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிரதி இவரிடமும் மற்றொன்று அவரிடமும் இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் தற்செயலாகப் பொருந்தலாம். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒன்றுவிடாமல் தற்செயலாகப் பொருந்தாது. 300க்கும் மேற்பட்ட ரகங்களை இப்படிச் சலித்தபோது ஷார்டொனே, காமே, அலிகோத்தே, மெலோன், ஒசெர்வா உள்ளிட்ட பதினாறு ரகங்கள் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று தெரிந்தது. பெற்றோரில் ஒன்று எல்லாரும் எதிர்பார்த்த பினோ. மற்றொன்று யாரும் பொருட்படுத்தாத க்வே ப்ளாங்.

பதினாறு பிள்ளைகளில் வெள்ளை பதினொன்று, கறுப்பு ஐந்து. இதற்கும் விளக்கம் உண்டு. திராட்சையில் கறுப்பு நிறத்தை உண்டாக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளும் செயலிழந்தால்தான் பழம் வெள்ளையாகும். கறுப்புப் பினோவில் ஒரு பிரதி செயல்படுகிறது, இன்னொன்று செயலிழந்து மறைந்திருக்கிறது. க்வே ப்ளாங்கில் இரண்டுமே செயலிழந்தவை. ஆகவே இவ்விரண்டும் சேர்ந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதி வெள்ளையாகப் பிறக்கும். பர்கண்டி பெருமைப்படும் வெள்ளை ஒயினின் வெண்மையில் ஒரு பங்கு இந்த ஏழைக் கொடி கொடுத்தது என்று சொன்னால் அதில் மிகையில்லை. 2010இல் வந்த இன்னோர் ஆய்வு அடுத்த அடியை எடுத்துவைத்தது. இலைகளின் பசுங்கணிகத்தில் உள்ள மரபணுக்கள் தாய்வழியாக மட்டுமே கடத்தப்படுபவை. அவற்றைச் சோதித்தபோது ஷார்டொனே, காமே, அலிகோத்தே உட்பட ஒன்பது ரகங்களுக்கு க்வே ப்ளாங்தான் தாய் என்று தெரிந்தது. மகரந்தம் பினோவினுடையது, விதையைச் சுமந்த பழம் க்வேயினுடையது.

அந்தத் தாய் எப்படிப்பட்டது? ஜெர்மானிய நாடுகளில் அதற்கு ஹாய்னிஷ் என்று பெயர். கொடி முரட்டுத்தனமாக வளரும், காய்ப்பு ஏராளம், பழுப்பதில் தாமதம், சாறு வெளிறியது, புளிப்பு மிகுந்தது, மணமற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ரைன் நதிக்கரையில் வாழ்ந்த துறவி பிங்கனின் ஹில்டெகார்ட், ஃபிராங்கிய ஒயின் கனமானது, இரத்தத்தைக் கிளறும், ஆகவே தண்ணீர் கலந்து குடிக்க வேண்டும் என்றும், ஹூனிய (ஹாய்னிஷ்) ஒயின் இயல்பிலேயே நீர்த்தது, தண்ணீர் தேவையில்லை என்றும் எழுதிவைத்தார். அவர் குறித்தது இந்த ஒரு ரகத்தை மட்டுமா, இதையொத்த பல ரகங்களையுமா என்று விவாதிக்க இடமுண்டு. ஒயின் உலகம் மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்ததை அது ஐயமின்றிக் காட்டுகிறது. வடக்கு பிரான்சில் பொவேஸி வட்டாரத்தின் வழக்காற்றுச் சட்டங்களை 1283இல் தொகுத்த ஃபிலிப் த பொமன்வார் ஒயின்களுக்கு மதிப்பு வரிசை கொடுத்தபோதும் க்வே ஒயின் கடைசி இடத்தில்தான் நின்றது. பினோவுக்குரிய பழைய பெயரில் சொல்லப்பட்ட ஒயின் அதற்கு மேலே இருந்தது.

மதிப்புக் குறைந்த இந்தக் கொடியைக் குடியானவர்கள் ஏன் கைவிடவில்லை? கணக்கு எளியது. சூரியன் படும் சுண்ணாம்புச் சரிவுகள் மடங்களிடமும் பிரபுக்களிடமும் இருந்தன. பினோ அங்கே நன்றாக விளைந்தது. ஆனால் கொஞ்சமாகவே விளைந்தது, வாங்க வசதியானவர்களும் இருந்தார்கள். உழுதவனுக்குக் கிடைத்தது சரிவுக்குக் கீழே ஈரம் தங்கும் சமவெளியும் ஓரத்து மேடும். அங்கே பினோ நோஞ்சானாக நின்றது, க்வே காய்த்துக் குலுங்கியது. குடும்பமும் கூலியாட்களும் அன்றாடம் குடிக்கவும், கடனை அடைக்கவும், குத்தகை அளக்கவும் அவனுக்கு வேண்டியது அளவு. நல்ல ஆண்டில் மட்டும் பலன் தரும் கொடியை வைத்துக்கொண்டு கெட்ட ஆண்டைத் தாண்ட அவனால் முடியாது. அவன் ருசி அறியாதவன் என்று பொருள் கொள்ளத் தேவையில்லை. அவன் தாங்கக்கூடிய நட்டத்துக்கு ஓர் எல்லை இருந்தது. இப்படித்தான் மேட்டில் பினோவும் தாழ்வில் க்வேயும் பல நூற்றாண்டுகள் அண்டை வீட்டாராக வாழ்ந்தன. பல இடங்களில் இரண்டும் ஒரே நிலத்தில் கலந்தே நின்றன.

அந்த அண்டைமையின் விளைவைப் புரிந்துகொள்ளத் திராட்சை பெருகும் விதத்தை நினைவில் கொள்ள வேண்டும். திராட்சை விவசாயி விதை போடுவதில்லை. குச்சி நடுவான், அல்லது கொடியை வளைத்து மண்ணுக்குள் புதைத்துப் பதியன் போடுவான். அப்படிப் பெருகும் கொடி தாய்க்கொடியின் அச்சு அசலான தொடர்ச்சி. பிரான்சின் ஓர்லியோனில் கிடைத்த சுமார் 900 ஆண்டு பழமையான விதை ஒன்று இன்றும் வளரும் சவான்யன் ப்ளாங் ரகத்தோடு மரபணு அளவில் ஒத்துப்போனது என்று 2019இல் தெரிய வந்தது. குச்சியும் பதியனுமாக ஒரு கொடி எவ்வளவு காலம் மாறாமல் வாழும் என்பதற்கு அது சாட்சி. விதை அப்படி அல்ல. எந்த விதையிலிருந்து முளைத்தாலும் அது புதிய கொடி. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் நம் பன்னீர் திராட்சையும் அப்படி ஒரு விதையில் தொடங்கியதுதான். மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த ரகம், ஒரு கறுப்புத் திராட்சைக்கும் அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்தது. திராட்சைப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளக்கூடியது; ஆனால் அப்படிப் பிறக்கும் கன்றுகள் பெரும்பாலும் மெலிந்து போகும். அயல் மகரந்தத்தில் பிறந்தவை திடமாக எழும். பிழிந்த சக்கையிலிருந்தோ பறவையின் எச்சத்திலிருந்தோ வேலியோரத்தில் முளைத்த கன்றுகளில் கண்ணில் படும்படி செழித்தவை இப்படிப்பட்ட கலப்புப் பிள்ளைகளே. அவற்றில் சிலவற்றை யாரோ களையெனப் பிடுங்காமல் விட்டு, காய்க்கும்வரை பொறுத்து, சாறு பிழிந்து பார்த்து, பதியன் போட்டுப் பெருக்கினார்கள்.

இதற்கு நேர் எதிரான திசையில்தான் ஆட்சியாளர்களின் கை நீண்டது. 1395 ஜூலை 31 அன்று பர்கண்டியின் கோமகன் ஃபிலிப் ஓர் ஆணையிட்டார். காமே என்ற கறுப்புக் கொடி மிகக் கெட்டது, நம்பத்தகாதது, அதன் ஒயின் உடலுக்குத் தீங்கு, அதை எல்லா நிலத்திலிருந்தும் பிடுங்க வேண்டும் என்பது அதன் சாரம். தோட்டங்களுக்கு எருவிட்டு விளைச்சலைப் பெருக்குவதையும் அந்த ஆணை கண்டித்தது. பின்னணி புரியாததல்ல. 1348ஆம் ஆண்டின் கொள்ளைநோய் பாதிப்பேரை வாரிக்கொண்டு போன பிறகு ஆட்கள் அரிதானார்கள். குறைந்த உழைப்பில் நிறையக் காய்க்கும் கொடிக்குக் குடியானவர்கள் திரும்பினார்கள். கோமகனுக்கோ பர்கண்டி ஒயின் தன் கௌரவச் சின்னம். அரசவைகளுக்குப் பரிசாகப் போவது, வெளியூர்ச் சந்தையில் பேர் வாங்கித் தருவது. காமேக்கு விழுந்த அடி க்வேக்கும் பல ஊர்களில் பல காலங்களில் விழுந்தது. இப்போது 1999இன் முடிவை இந்த ஆணையின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிடுங்கச் சொன்ன காமே, காக்கச் சொன்ன பினோவின் பிள்ளை. பிற்காலத்தில் பர்கண்டிக்கு வெள்ளை ஒயினில் தலைமையைத் தேடித்தந்த ஷார்டொனே, அதே காமேயுடன் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தது. நல்ல குலம், கெட்ட குலம் என்று கோமகன் இரண்டாகப் பிரித்த கோடு ஒரே குடும்பத்துக்குள் விழுந்திருக்கிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். காமே 1395க்கு முன்பே பெயரோடு இருந்தது. ஆகவே அந்தக் கலப்பு ஆணைக்கு முன்பே நடந்துவிட்டது. ஷார்டொனேயும் அப்போதே பிறந்திருக்கலாம். அப்படியானால் தடை எதையும் அழிக்கவில்லையே, தடைக்கும் ஷார்டொனேயின் பிறப்புக்கும் என்ன தொடர்பு? தடை வெற்றி பெற்றிருந்தால் ஷார்டொனே பிறந்தே இருக்காது என்று நான் வாதிடவில்லை. காலவரிசை அதற்கு இடம் தராது. பதினாறு பிள்ளைகளும் ஒரே காலத்தில் பிறந்தவை என்பதற்கும் ஆதாரமில்லை. நான் சொல்வது வேறு. பினோவைத் தவிர மற்றதெல்லாம் அகற்றப்பட்ட தூய தோட்டம் என்பதுதான் ஆணைகள் விரும்பிய நிலை. அந்த நிலை எந்தக் காலத்திலும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் இப்படியொரு குடும்பம் உருவாகியிருக்காது. ஒரே விதமான ஆணை தலைமுறைதோறும் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டது என்பதே அது மதிக்கப்படவில்லை என்பதற்கு அத்தாட்சி. இல்லாத கொடியை யாரும் தடைசெய்வதில்லை. ஆணை ஏடுகளை வரலாற்றாசிரியர்கள் உயர்தரத்தின் பிறப்புச் சான்றாகப் படித்தார்கள். குடியானவர்கள் கீழ்ப்படியாததன் பதிவாகவும் அவற்றைப் படிக்க முடியும். மரபணுச் சான்று இரண்டாவது வாசிப்புக்கே துணை நிற்கிறது.

இன்னொரு மறுப்பு ருசியைப் பற்றியது. க்வே ஒயின் உண்மையிலேயே மட்டமானதுதானே, கோமகன் சொன்னதில் என்ன பிழை என்று கேட்கலாம். பர்கண்டியின் கோத் தோர் சரிவில் பினோவின் ஒயினும் சமவெளியில் க்வேயின் ஒயினும் ஒன்றல்ல. அந்தத் தர வேறுபாட்டை மறுப்பது வீண். ஆனால் ஆணைகள் இடத்தின் குறையையும் கொடியின் குறையையும் ஒன்றாகக் கட்டி, பழி முழுவதையும் கொடியின் தலையில் போட்டன. காமேயின் பிற்கால வரலாறு இதைக் காட்டுகிறது. தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் அதே காமே மணமும் உயிர்ப்பும் கொண்ட ஒயினைத் தருகிறது. அந்த வட்டாரத்தின் பேரே அதனால்தான் நிலைத்தது. மெலோனும் அப்படித்தான். பர்கண்டியில் மதிப்பிழந்த இந்த வெள்ளை ரகம், 1709ஆம் ஆண்டின் கொடும் குளிரில் அட்லாண்டிக் கரையின் நான்த் பகுதித் தோட்டங்கள் அழிந்த பிறகு, குளிரைத் தாங்கும் என்று அங்கே பரவலாக நடப்பட்டது. இன்று சிப்பி உணவோடு தேடிக் குடிக்கப்படும் மஸ்கடே ஒயின் அதிலிருந்துதான் வருகிறது. ஒரு கொடிக்குத் தரம் உண்டா இல்லையா என்று அரண்மனையில் இருந்தபடி தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை இந்த இரண்டு உடன்பிறப்புகளும் நிரூபித்துவிட்டன.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. ஒரு தற்செயலான சேர்க்கைக்கு இவ்வளவு பெருமை கொடுக்கலாமா? காற்றோ பூச்சியோ கொண்டுவந்த மகரந்தம், எங்கோ முளைத்த விதை. இதில் க்வேயின் சிறப்பு என்ன? ஒருமுறை நடந்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். பினோவோடு மட்டும் பதினாறு முறை. மேலும் பினோவோடு நிற்கவில்லை. ஜெர்மனியின் தலையாய வெள்ளை ரகமான ரீஸ்லிங்கின் பெற்றோரில் ஒருவர் இதே ஹாய்னிஷ் என்று ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 1998இலேயே கண்டிருந்தார்கள். ஹங்கேரியின் தோக்காய் இனிப்பு ஒயினுக்கு உயிரான ஃபுர்மிண்ட், கோன்யாக் பிராந்திக்கு ஒரு காலத்தில் அடிப்படையாக இருந்த ஃபோல் ப்ளான்ஷ், கொலோம்பார், ஆஸ்திரியாவின் கறுப்பு ரகமான ப்ளௌஃபிராங்கிஷ் எல்லாம் இதன் வழிவந்தவை. எண்பதுக்குக் குறையாத ரகங்களுக்கு இது பெற்றோர் என்பது இன்றைய கணிப்பு. இவ்வளவு பரந்த சந்ததி உண்டாக ஒரு கொடி பல நாடுகளில், பல நூற்றாண்டுகள், பெரும் பரப்பில், மற்ற ரகங்களின் அருகில் நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்கவைத்தவர்கள் குடியானவர்கள். அதோடு க்வேயின் புளிப்பும் தழைக்கும் வலிமையும் பிள்ளைகளுக்குப் பயன்பட்டிருக்கும் என்பது இயல்பான ஊகம். ரீஸ்லிங்கும் ஃபுர்மிண்டும் அவற்றின் புளிப்பாலேயே பல்லாண்டுகள் கெடாமல் நிற்கின்றன. இதை ஊகம் என்றே சொல்ல வேண்டும். எந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்காட்டுவது இன்னும் நடக்க வேண்டிய வேலை. பினோவும் க்வேயும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்து ரகங்கள் என்பதால்தான் பிள்ளைகள் இவ்வளவு திடமாகப் பிறந்தன என்று 1999இல் சொல்லப்பட்ட விளக்கத்தையும் சற்றுத் தணித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2018இல் ஷார்டொனேயின் முழு மரபணுத் தொகுதியை வாசித்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அந்தப் பெற்றோர் இருவருக்குள்ளேயே பழைய உறவு இருப்பதற்கான தடயங்களைக் கண்டார்கள்.

அந்தத் தடயம் வேறொரு கதையையும் தளரவைக்கிறது. ரோமப் பேரரசர் டொமிஷியன் கி.பி. 92இல் மாகாணங்களில் திராட்சை பயிரிடுவதைக் கட்டுப்படுத்தினார். 276 முதல் 282 வரை ஆண்ட ப்ரோபஸ் அதைத் தளர்த்தினார். ப்ரோபஸ் இன்றைய குரோவேஷியா, செர்பியா பக்கத்தைச் சேர்ந்தவர். அவர்தான் தன் நாட்டுக் கொடியான க்வேயைப் பிரான்சுக்குப் பரிசாகக் கொடுத்தார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. குரோவேஷியாவிலும் இந்தக் கொடி உண்டு என்பது உண்மைதான். ஆனால் எந்த ரோம ஏடும் அந்தக் கொடி எது என்று சொல்லவில்லை. ஒரு பேரரசரின் பிறந்த ஊரும் ஒரு கொடி வளரும் ஊரும் அருகருகே இருப்பது சான்றாகாது. பினோவோடு பழைய உறவு, ரைன் நதியிலிருந்து லுவார் நதிவரை அடர்ந்து கிடக்கும் பிள்ளைகள் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால், வடகிழக்கு பிரான்சும் தென்மேற்கு ஜெர்மனியும் சேர்ந்த பகுதியை இதன் தாயகமாகக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. லெபனான் கதைக்குச் சிலுவைப்போர் வீரர்கள் தேவைப்பட்டதைப் போலவே இதற்கு ஓர் அரசனின் கை தேவைப்பட்டிருக்கிறது. குடியானவனின் கொடிக்கும் ஒரு பேரரசர் நன்கொடையாளராக வந்தால்தான் வரலாற்றில் இடம் கிடைக்கும் என்று எழுதியவர்கள் கருதினார்கள் போலும்.

பர்கண்டியில் நடந்தது ஜெர்மனியிலும் நடந்தது. ரீஸ்லிங்கின் பெயர் முதன்முதலில் 1435 மார்ச் 13 தேதியிட்ட ஒரு கணக்கில் வருகிறது. காட்ஸெனெல்ன்போகன் பிரபுவின் ரூஸெல்ஸ்ஹைம் கோட்டைக்கு வாங்கிய கொடிக்கன்றுகளின் செலவுக் கணக்கு அது. மூன்றரை நூற்றாண்டுகள் கழித்து, 1787இல், ட்ரியரின் பேராயரும் ஆட்சியாளருமான க்ளெமென்ஸ் வென்ட்ஸெஸ்லௌஸ் மோசல் பள்ளத்தாக்கில் மட்டமான கொடிகளைப் பிடுங்கி நல்ல ரகங்களை நடும்படி ஆணையிட்டார். அந்த மாற்றத்தில் காலப்போக்கில் இடம் பெற்றது ரீஸ்லிங், இடம் இழந்தது எல்ப்ளிங். இரண்டும் ஹாய்னிஷின் பிள்ளைகள். இந்த ஆணையால் மோசலின் ஒயின் மேம்பட்டது என்பதை நான் மறுக்க மாட்டேன். தேர்ந்தெடுத்து நடுவது தவறில்லை. ஆனால் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்க வேண்டும். அந்த ‘ஏதாவது’ ஆணைகளால் உண்டாகவில்லை. கலந்து கிடந்த, ஒழுங்கற்ற, வரிக்காரர் வெறுத்த தோட்டங்களில் அது உண்டானது. ஆட்சியாளரும் துறவியும் இருப்பதில் நல்லதைப் பொறுக்கினார்கள். பொறுக்கியவர்களின் பெயர் ஏட்டில் இருக்கிறது. வேலியோரக் கன்றைப் பிடுங்காமல் விட்டவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அவர்களுடைய கொடியும் மறைந்துபோகும் நிலைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டபோது, செலவழித்து நடுவதற்குத் தகுதியானவை என்று சில ரகங்களையே தேர்ந்தார்கள். க்வே அந்தப் பட்டியலில் இல்லை. 1999இல் ஆய்வு வெளிவந்தபோது பிரான்சில் அதை யாரும் பயிரிடவில்லை. சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் விஸ்ப் ஊரைச் சுற்றியும், ஆஸ்திரேலியாவின் ரதர்க்ளென்னிலும் சில துண்டு நிலங்களில் அது பிழைத்துக் கிடந்தது. ஆய்வுக்கு அதன் இலை கிடைத்ததற்குக் காரணம், மத்தியதரைக் கடலோரத்து மணலில் இருக்கும் வஸ்ஸால் சேகரிப்புத் தோட்டம். மணலில் ஃபிலாக்ஸெரா பிழைக்காது என்பதால் அங்கே பிரெஞ்சு அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிரக்கணக்கான ரகங்களை நட்டுவைத்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை சந்தையில் ஒரு காசு பெறாதவை. மோன்பெலியேயில் 1876இல் தொடங்கிய அந்தச் சேகரிப்பு, விற்காத கொடிக்கும் இடம் கொடுத்ததால்தான் ஷார்டொனேயின் தாயை அடையாளம் காண முடிந்தது. இன்று பர்கண்டியில் ஷார்டொனேயின் தேர்ந்த சில கிளைவகைகளே திரும்பத் திரும்ப நடப்படுகின்றன. துளிர்ப்பு இன்னும் முன்கூட்டியே வருகிறது, பின்பனி இழப்பு கூடுகிறது, கோடையில் புளிப்பு குறைகிறது. தாமதமாகப் பழுத்துப் புளிப்பைக் காக்கும் ரகங்களை ஆராய்ச்சியாளர்கள் தேடுகிறார்கள். க்வேயின் மற்றொரு பிள்ளையான பெத்தி மெலியேயை ஷாம்பெயினில் சிலர் மறுபடி நடுவதும் அந்தத் தேடலைச் சேர்ந்ததே. வஸ்ஸால் போன்ற தோட்டங்களுக்கு ஒதுக்கும் பணத்தை அரசுகள் வீண்செலவு என்று வெட்டக்கூடாது. எந்த ரகத்தையும் பட்டியலிலிருந்து நீக்கும்முன் அதன் குச்சிகள் அங்கே நடப்பட்டுவிட்டனவா என்று சரிபார்ப்பதை ஐரோப்பிய ஒயின் வட்டாரங்கள் கட்டாய விதியாக்க வேண்டும்.